சர்க்கரையை நிறுத்தியவள்

குளுக்கோஸ் உடம்புக்குள் எப்படி உடைகிறது, அதிலிருந்து சக்தி எப்படி வருகிறது என்பதை இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு படி விடாமல் சொல்வேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. அந்தப் பெருமையால்தான் என் கணவருக்கு அவருடைய கடைசி வருடத்தில் ஒரு வாய் இனிப்பு கிடைக்காமல் போயிற்று. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பின்னால் வைத்தால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

பள்ளி வேலையை விட்ட பிறகு, சிங்கப்பூரில் ஆங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உயிரியலுக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமை காலை ஆறு பிள்ளைகள் வருவார்கள். சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், திட்டு மட்டும் தமிழில் விழும். சீனப் பிள்ளைகளுக்கும் அந்தத் தமிழ் நன்றாகவே புரியும். என் கணவருக்கு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வாரம் ஐந்து நாளும் இருட்டோடு கிளம்பி கம்பெனி பஸ் ஏறிவிடுவார். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு, அதனால் அன்று அடுப்படி அவருடையது. நான் கூடத்தில் கத்திக்கொண்டிருப்பேன், அவர் உள்ளே வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பார்.

அத்தனை வருடம் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாடம் மனப்பாடமாகிவிட்டது. பிள்ளைகள் போனதும் கரண்டியோடு வெளியே வந்து ஒப்பிப்பார். "ஒரு சக்கரை. அது ரெண்டா ஒடையும். அதுல கெடைக்கிறது ரெண்டே ரெண்டு ஏடிபி. மிச்சத்த உள்ள கொண்டுபோயி ஆக்சிஜன் வச்சு எரிச்சா முப்பது. உள்ள போகலன்னா புளிச்சுப் போயிரும். பாஸா, டீச்சரம்மா?" ஏடிபி என்பது செல் செலவழிக்கும் சக்திக் காசு. நான் பத்துக்கு ஒன்பது போடுவேன். அந்த "உள்ளே" என்பதற்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர், அதைச் சொல்லாததற்கு ஒரு மார்க் போச்சு என்பேன். அவ்வளவு நீளமான பெயரைச் சொல்வதற்குள் சோறு குழைந்துவிடும் என்று உள்ளே போய்விடுவார். ஆனால் அவர் சொன்னதில் பிழை இருக்காது. எங்கள் மகள்கூட அப்படிச் சுருக்கமாக எழுதியதில்லை.

அவருக்கு இனிப்பு என்றால் உயிர். டின் பால் புதிதாகத் திறந்தால் முதலில் மூடியை வழித்து நக்குவார், நாக்கு கிழியப் போகிறது என்று நான் முப்பது வருடம் கத்தியிருக்கிறேன். ரொட்டிக்கு நடுவே காயாவை, அந்தத் தேங்காய்ப்பால் ஜாமை, சுவர் பூசுவதுபோல் பூசுவார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் கிளம்புவதே பாதி ஒரு டீக்காகத்தான். ஈரச்சந்தையில் ஆட்டுக்கறியும் முருங்கைக்காயும் வாங்கி முடித்ததும், பக்கத்து உணவங்காடியில் ஒரு பாய் கடையில் தே ஹாலியா குடிப்பார். இஞ்சி தட்டிப் போட்டு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டின் பால் நிற்கும் டீ. பையில் எனக்கும் ஒன்று கட்டி வாங்கி வருவார். இரண்டு ரயில் மாறி வருவதற்குள் அது ஆறிவிடும், ஆனாலும் வாங்கி வருவார்.

வயிற்றுவலி என்று தொடங்கியது. ஒரு மாதம் பூண்டுத் தண்ணீர், ஒரு மாதம் பக்கத்து கிளினிக், பிறகு பெரிய மருத்துவமனை. குடலில் தொடங்கி ஈரலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்கள். போனதும் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் பேசாமல் படுக்கவைத்தார்கள். எந்த இடம் சர்க்கரையை அள்ளி எடுக்கிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். ஸ்கேன் முடிந்து வெளியே வந்தவர் முதலில் கேட்டது, ஊசியில் போட்ட சர்க்கரை நாக்குக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாரம் டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். மூளை ஒளிர்ந்தது, இதயம் ஒளிர்ந்தது, அவை எப்போதும் சர்க்கரை தின்பவை, அதில் பயமில்லை என்றார். பிறகு குடலில் ஒரு திட்டு, ஈரலில் ஐந்து புள்ளிகள். இருட்டு அறையில் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தன. இந்தச் செல்கள் சாதாரணச் செல்களைவிடப் பல மடங்கு குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் படத்தில் மாட்டிக்கொள்கின்றன என்று டாக்டர் விளக்கினார். என் கணவர் என்னைப் பார்த்தார். பாடம் நடத்தும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அடுத்தது என்ன என்று, அந்தப் பார்வை.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். புற்றுச் செல்லுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அது சர்க்கரையை முழுதாக எரிப்பதில்லை. பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய முப்பது கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டோடு திருப்திப்பட்டு, மிச்சத்தைப் புளிக்கவைத்துத் துப்பிவிடும். அதனால்தான் அதற்கு அவ்வளவு சர்க்கரை வேண்டியிருக்கிறது. இதெல்லாம் நான் படித்தது, சரியானது. அதற்கு மேல் நானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அது தின்பது சர்க்கரை என்றால் சர்க்கரையை நிறுத்தினால் அது பட்டினி கிடந்து சாகும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, இல்லை, நான் உயிரியல் ஆசிரியை என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். நான்கு டின் பால், காயா போத்தல், நாட்டுச் சர்க்கரை, மகள் வாங்கிக் கொடுத்த பேரீச்சம்பழம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். சோறு அரை அகப்பை. உருளைக்கிழங்கு கிடையாது, வாழைப்பழம் கிடையாது, மாம்பழம் வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது. காய்கறி, முட்டை, மீன் மட்டும். அவர் சோபாவில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தை ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன், சிவப்பு மையில் புற்றுச் செல், நீல மையில் நல்ல செல். அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "சரி, டீச்சரம்மா. நீ சொன்னா செய்யிறேன்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே சந்தேகமாக இருந்தது.

அந்தச் சந்தேகம் கூடவே வளர்ந்தது. கீமோ மருந்து ஏற்றும் வாரங்கள் போக மற்ற ஞாயிறுகளில் அவர் தேக்காவுக்குப் போவதை விடவில்லை. நடந்தால் நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். திரும்பி வந்ததும் நான் பையை வாங்கும் சாக்கில் கிட்டே போய் மோப்பம் பிடிப்பேன். ஒரு நாள் இஞ்சி வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நான் இங்கே ஒவ்வொரு பருக்கையாக எண்ணிப் போடுகிறேன், நீங்கள் அங்கே போய் அந்தச் சனியனுக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறீர்களா என்று கேட்டேன். கறிப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன். டீ குடித்தது உண்மை, ஆனால் கொசோங், சர்க்கரையும் இல்லை டின் பாலும் இல்லை என்றார் அவர். நான் நம்பவில்லை. முப்பது வருடம் டின் மூடியை நக்கிய மனிதர் வெறும் இஞ்சித் தண்ணீரைக் குடிக்கவா இரண்டு ரயில் ஏறிப் போவார் என்று கேட்டேன். அவர் தொட்டியிலிருந்து கறியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். அன்று இரண்டு வேளை நான் அவரோடு பேசவில்லை.

அந்த வருடம் அவருக்கு அறுபது நிறைந்தது. மகளும் மருமகனும் அறுபதாம் கல்யாணம் செய்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கூட்டம் கூட்டி மண்டபம் எடுக்க அவருக்குத் தெம்பில்லை. காத்தோங்கில் பிள்ளையார் கோயிலில் ஒரு அர்ச்சனை, புது வேட்டி, புதுப் புடவை, இரண்டு மாலை, அதோடு சரி என்று முடிவு செய்தோம். மாலை அவர் கழுத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடி போடாமல் வந்ததால் எனக்கு அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அர்ச்சனை முடிந்து குருக்கள் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நெய் மினுங்கிக்கொண்டு, முந்திரி போட்டு, சூடாக இருந்தது.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். சாமி பிரசாதம். அதை வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை, சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட ஒரு விரல் நக்கிக்கொள்வார்கள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று, லேசாக, பக்கத்தில் நின்ற மகளுக்குத் தெரியாத அளவுக்கு. அவர் தொன்னையை என் கையில் கொடுத்தார். "நீ சாப்பிடும்மா. கீழ போடக் கூடாதுல்ல" என்றார். நான் என்னுடையதையும் சாப்பிட்டேன், அவருடையதையும் சாப்பிட்டேன். அவர் தூணில் சாய்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார், நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

ஆறு மாதத்தில் அவருடைய பெல்ட்டில் நான் ஆணி வைத்து நான்கு புது ஓட்டை போட்டேன். கைலியை இரண்டு சுற்று சுற்றிக் கட்டினார். கன்னம் ஒட்டியது, தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் துருத்தியது. மாடிப்படியில் மட்டும் இல்லை, லிஃப்ட்டுக்காக நிற்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டார். நோய் தின்கிறது என்று நினைத்தேன். தீனி போடுவதை இன்னும் குறைக்க வேண்டும் என்று அரை அகப்பைச் சோற்றையும் நிறுத்தினேன். அடுத்த தடவை மருந்து ஏற்றப் போனபோது எடை பார்த்த நர்ஸ் இரண்டாம் முறை பார்த்தாள். இந்த உடம்பு இந்த மருந்தைத் தாங்காது, எடை கொஞ்சம் ஏறட்டும், அதுவரை தள்ளிவைப்போம் என்றார் டாக்டர். எங்களை உணவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

சின்னப் பெண், என் பழைய மாணவிகள் வயது. ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். காலையில் ஒரு முட்டை. மதியம் மீன், கீரை. மாலையில் ஒன்றுமில்லை. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சோறும் இனிப்பும் ஏன் இல்லை, யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மை ஓன் ஐடியா லா," என்றார். "நானா நிறுத்திட்டேன். வாட்ஸப்புல எதையோ பாத்துட்டு."

அந்தப் பெண் கோபப்படவில்லை. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று அவரிடம் பொறுமையாக விளக்கினாள். சர்க்கரை வெளியிலிருந்து வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது, ரத்தத்தில் அதன் அளவு இறங்கினால் மூளை நின்றுவிடும். அதனால் சதையை உடைத்து, அதிலிருக்கும் புரதத்தை ஈரலுக்கு அனுப்பி, அங்கே புதிதாகக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். கட்டிக்கு வேண்டியது எப்படியும் கிடைத்துவிடும், அதைப் பட்டினி போட முடியாது. காய்வது கையும் காலும்தான். இனிமேல் எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள், டின் பால், கேக், ஐஸ்கிரீம், எதுவானாலும் சரி, எடை முக்கியம் என்றாள். சொல்லச் சொல்ல அவர் ஒன்றும் தெரியாதவர்போல் தலையாட்டிக் கேட்டார்.

அவள் சொன்ன ஒரு வரிகூட எனக்குப் புதிதில்லை. இரண்டு பாடம் தள்ளி வருவது அது, ஈரலின் வேலைகள். பட்டினி கிடந்தால் உடம்பு எதை முதலில் எரிக்கும், எதை அடுத்து எரிக்கும் என்று நான் வருடா வருடம் கேள்வி கொடுத்துத் திருத்துகிறேன், தப்பாக எழுதினால் தாளில் பெரிதாகச் சிவப்புக் கோடு போடுகிறேன். அந்தப் பாடம் என் வீட்டில் என் கண் முன்னால் நடந்தது. அவர் தோளையும் தொடையையும் நான்தான் ஒவ்வொரு வேளையாக உடைத்து அந்த ஐந்து புள்ளிகளுக்கு ஊட்டியிருக்கிறேன். ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும், டாக்டரிடம் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தெரியாதவள் கேட்டிருப்பாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

திரும்பி வரும்போது ரயிலில் யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்க நினைத்தேன். அழுகையை அடக்கத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் புடவை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"விடும்மா. பரீட்சையில ஒரு கேள்வி தப்பு. அதுக்குப் போயி" என்றார்.

இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கடைக்குப் போய் டின் பால் வாங்கினேன். இஞ்சியைத் தட்டி, சாயம் இறங்கக் கொதிக்கவைத்து, அடியில் மூன்று விரல் உயரத்துக்குப் பாலை ஊற்றினேன். டின் மூடியைத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே விரலால் ஒரு வழி வழித்து வாயில் வைத்தார். முகம் மாறியது. மருந்து நாக்கைக் கெடுத்திருந்தது. கொஞ்ச நாளாகவே எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், இனிப்பு அதைவிட மோசம், கசந்தது. டீயை ஒரு மிடறு குடித்தார், நல்லா இருக்கு என்றார், அப்புறமா குடிக்கிறேன் என்று மேசையில் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அது அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம். நான் கேசரி செய்தேன், பாயசம் வைத்தேன், மகள் விதவிதமாக ஐஸ்கிரீம் வாங்கி வந்து உறைபெட்டியை நிரப்பினாள். எனக்காக ஒரு கரண்டி வாயில் வாங்கிக்கொள்வார், நான் அந்தப் பக்கம் திரும்பியதும் காகிதத்தில் துப்பிக்கொள்வார். அது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். தள்ளிவைத்த மருந்தைத் திரும்ப ஏற்றவே இல்லை, எடை ஏறவில்லை. நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும் இந்த நோய் அவரைக் கொண்டுபோயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னார், உண்மையும் அதுதான். ஆனால் அந்த மாதங்களை அவர் டீ குடித்துக்கொண்டு கழித்திருக்கலாம். தன் காலால் நடந்திருக்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான் அவர் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு எனக்குள் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இஞ்சி வாசனை. அவர் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடையில் உட்கார்ந்து, அடியில் இரண்டு விரல் டின் பாலோடு டீ குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கொசோங் என்று என்னிடம் புளுகியிருக்க வேண்டும். அன்றைக்குக் கறிப்பையை எறிந்தவள், இன்றைக்கு அந்தப் பொய்க்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அவர் ஏமாற்றியிருந்தால் நான் கொடுக்காததை எங்கேயோ யாரோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆகும். அது போதும் எனக்கு. சாமி படத்துக்கு முன்னால் நின்று இவ்வளவு கேவலமான வேண்டுதலை நான் வைத்ததில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் படைக்க வேண்டும். மகள் கேசரியும் அதிரசமும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். டீயை நான் வாங்கி வருகிறேன் என்று காலையிலேயே தேக்காவுக்குக் கிளம்பினேன். அந்தக் கடை முன்னால் நான் தனியாக நின்றதே கிடையாது. பாய் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், எப்போதோ எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். அண்ணன் வரலியா, ரொம்ப நாளா ஆளையே காணோம் என்றார். ஒரு தே ஹாலியா, கட்டிக் கொடுங்கள், பால் நிறைய ஊற்றுங்கள், அவருக்குத்தான் என்றேன். பாய் டின்னை நோக்கிப் போன கையை நிறுத்தினார்.

"அண்ணனுக்கா? அண்ணன் இப்பல்லாம் கொசோங்லதான் குடிப்பாரு."

எப்போதுமா, ஒவ்வொரு ஞாயிறுமா, ஒரு நாள்கூடப் பால் போட்டுக் குடிக்கவில்லையா என்று கேட்டேன். என் குரல் அதட்டுவதுபோல் இருந்திருக்க வேண்டும், என் குரலே அப்படித்தான். வேவு பார்க்க வந்த மனைவி என்று நினைத்துவிட்டார். வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்காத நல்ல மனிதர் அவர், ரொம்ப அக்கறையாகச் சொன்னார்.

"சத்தியமா இல்லம்மா. அவரு ஒடம்பு எளைச்சுப் போறதப் பாத்து நானே ஒரு நாளு கேட்டேன், கொஞ்சூண்டு பாலு ஊத்துறேண்ணே, வீட்டுக்கு எங்க தெரியப் போவுதுன்னு. வேணாம் பாய், வீட்டுல டீச்சரு, அவங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. நீங்க அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு அவர் இல்லை என்பதையும் சொன்னேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டார். புது டின் ஒன்றைத் திறந்து, அளவு பார்க்காமல் ஊற்றி, பையைக் கட்டி என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. இரண்டு ரயில் மாறி வீடு வருவதற்குள் ஆறிவிட்டது.

அவர் படத்துக்கு முன்னால் இலையில் எல்லாம் வைத்து, டீயை அவர் டம்ளரில் ஊற்றி ஓரமாக வைத்தேன். சாம்பிராணி காட்டிக் கும்பிட்டு முடித்ததும் மகள் இலையிலிருந்ததை எல்லோருக்கும் பங்கு போட்டாள். படைத்ததைக் கீழே கொட்டக் கூடாது. டீயை மட்டும் யாரும் தொடவில்லை, அடியில் பால் கெட்டியாகத் தங்கியிருந்தது. காத்தோங்கில் அவர் தொன்னையை நீட்டியதும், நல்லா இருக்கா என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. நான் எடுத்துக் குடித்தேன், அடியில் இருந்த பாலையும் விடாமல் குடித்தேன். என் உடம்புக்கு நடந்தது எதுவும் தெரியாது. அது வழக்கம்போல அந்தச் சர்க்கரையை எடுத்து, இரண்டாக உடைத்து, உள்ளே கொண்டுபோய், நான் இழுத்த மூச்சில் எரித்து, என்னை எழுந்து நிற்கவைத்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.